முதல்முறை சுவிட்சர்லாந்து போகிறவர்களுக்கு: விசா முதல் மலையுச்சி வரை

சுவிட்சர்லாந்துக்குத் திட்டமிடும் குடும்பங்களின் கவலை முழுவதும் விசாவில் போய்க் குவிகிறது. வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சான்று, விடுப்புக் கடிதம் என்று வாரக்கணக்கில் அலைகிறார்கள். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே எல்லா ஏற்பாடும் முடிந்துவிட்டதாக எண்ணிப் பெட்டி கட்டத் தொடங்குகிறார்கள். ஆனால் அங்கே போன பயணிகளை உண்மையில் ஆபத்தில் தள்ளுபவை உயரமும் குளிர்ந்த நீரும். பணத்தில் நிலைகுலையச் செய்வது மருத்துவக் கட்டணம். இவற்றைப் பற்றிப் படிக்க ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குகிறவர்கள் குறைவு. விசா விதிகளை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு வரும் பகுதியைத்தான் இன்னும் கவனமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஷெங்கன் என்றால் என்ன?

1985 ஜூன் 14-இல், லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்ற சிற்றூரை ஒட்டி, மோசெல் ஆற்றில் நின்றிருந்த ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தங்களுக்கிடையே உள்ள எல்லைகளில் ஆட்களைச் சோதிப்பதைப் படிப்படியாகக் கைவிடுவது அதன் நோக்கம். இன்று அந்த ஏற்பாட்டில் 29 நாடுகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு அல்ல. ஆனாலும் 2008 டிசம்பரிலிருந்து ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. அதனால் சுவிஸ் தூதரகம் கொடுக்கும் குறுகியகால விசாவில் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போய்வரலாம். அந்த நாடுகள் கொடுத்த விசாவில் சுவிட்சர்லாந்துக்கும் வரலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் இந்த வட்டத்துக்கு வெளியே இருக்கின்றன.

எந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதற்கு எளிய விதி உண்டு. எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் கால் வைக்கும் நாட்டில். பாரிசில் இரண்டு நாள், சுவிட்சர்லாந்தில் ஐந்து நாள், ரோமில் மூன்று நாள் என்றால் சுவிஸ் விசாதான் கேட்க வேண்டும். எளிதாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வேறு நாட்டில் விண்ணப்பித்துவிட்டு, பயணத் திட்டத்தைப் பொய்யாக மாற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லையில் ஓட்டல் முன்பதிவைக் காட்டச் சொன்னால் அது அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

விசா தேவையா இல்லையா என்பதை முடிவுசெய்வது பாஸ்போர்ட்தான். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா தேவை. மலேசிய, சிங்கப்பூர் குடிமக்கள் சுற்றுலாவுக்கு விசா இல்லாமலே 90 நாள் வரை தங்கலாம். அவர்களைப் போன்ற விசா விலக்கு உள்ளவர்களுக்கு எட்டியாஸ் எனப்படும் இணையவழி முன்அனுமதி முறையை ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவருகிறது. அதற்கான கட்டணம் 20 யூரோ. கிளம்புவதற்கு முன் அது நடைமுறையில் இருக்கிறதா என்று அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். இலங்கை பாஸ்போர்ட்டில் பயணிப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: ஷெங்கன் நாட்டு விமான நிலையத்தில் வெளியே வராமல் விமானம் மாறுவதற்குக்கூட, பொதுவாக அவர்களுக்குத் தனியே ஒரு கடப்பு விசா தேவைப்படும்.

விண்ணப்பத்தில் எதைப் பார்க்கிறார்கள்?

பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். பொதுவாக 15 நாளில் முடிவு தெரியும். சிக்கலான விண்ணப்பமானால் 45 நாள் வரை போகலாம். கோடை விடுமுறையை ஒட்டி, விண்ணப்பம் வாங்கும் மையங்களில் நேரம் கிடைப்பதே கடினமாகிவிடும். ஆகவே இரண்டு, மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45 யூரோ. அதற்கும் சிறிய குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்காது. 12 வயது நிரம்பியவர்கள் கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். ஒருமுறை கொடுத்த கைரேகையை 59 மாதங்களுக்குள் அடுத்த விண்ணப்பத்துக்கும் பயன்படுத்திக்கொள்வார்கள்.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கங்களாவது காலியாக இருக்க வேண்டும்.

ஆவணப் பட்டியல் நீளமானது. ஆனால் அதன் பின்னால் இருப்பவை மூன்றே கேள்விகள். எதற்காக வருகிறீர்கள்? செலவுக்குப் பணம் இருக்கிறதா? திரும்பிப் போவீர்களா? முதல் கேள்விக்கு நாள்வாரியான பயணத் திட்டமும் தங்குமிட முன்பதிவும் பதில். இரண்டாவதற்கு வங்கிக் கணக்கு. சொந்தச் செலவில் வருகிறவர்களிடம் தலைக்கு ஒரு நாளுக்கு ஏறக்குறைய 100 சுவிஸ் ஃபிராங்க் இருக்க வேண்டும் என்பது சுவிட்சர்லாந்தின் அளவுகோல். மூன்றாவதற்கு வேலை, தொழில், படிப்பு, குடும்பம், சொத்து போன்றவை. கணக்கில் பணம் குறைவாக இருக்கிறதே என்று விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் உறவினரிடம் வாங்கிப் பெருந்தொகை போட்டு வைப்பது பலர் செய்யும் காரியம். பல மாத வரவுசெலவைப் பார்க்கிற அதிகாரிக்கு அந்தத் தொகை உடனே கண்ணில் படும். எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாத பணம் உங்களுக்கு உதவாது. விசா வரும் முன்பே விமான டிக்கெட்டுக்கு முழுப் பணத்தையும் கட்டிவிடவும் வேண்டாம், முன்பதிவு போதும்.

மறுத்துவிட்டால் காரணம் குறிப்பிட்ட படிவம் கொடுப்பார்கள். முப்பது நாளுக்குள் சுவிஸ் குடிபெயர்வுத் துறைக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதற்குக் கட்டணம் 200 ஃபிராங்க். அந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றில்தான் எழுத வேண்டும். சான்று ஏதாவது விடுபட்டதால் மறுக்கப்பட்டிருந்தால், ஆட்சேபத்தைவிடக் குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே பெரும்பாலும் விரைவான வழி என்பது என் கருத்து.

பிள்ளைகளின் அழைப்பில் போகும் பெற்றோர்

1980-களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்துவருகிறார்கள். பெர்ன், சூரிச், பாசல் பகுதிகளில் கோயிலும் கடையும் தமிழ்ப் பள்ளியுமாக ஒரு முழு வாழ்க்கை அங்கே இருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருக்கும் அம்மாவும் அப்பாவும் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற பயணத்துக்கு ஓட்டல் முன்பதிவு தேவையில்லை. அழைப்புக் கடிதமும், அழைக்கிறவரின் வதிவிட அனுமதிப் பிரதியும், உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் போன்றவையும் தேவை.

பெற்றோருக்கு வருமானம் இல்லை என்றால் தூதரகம் பொறுப்பேற்பு உறுதிமொழி கேட்கக்கூடும். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விருந்தினரின் மருத்துவச் செலவு, திருப்பி அனுப்பும் செலவு உட்பட, அரசு அவர்களுக்காகச் செலவிட நேர்கிற தொகைக்கு 30,000 ஃபிராங்க் வரை நானே பொறுப்பு என்று அழைக்கிறவர் கையெழுத்திடுகிறார். அவர் வாழும் மாநிலத்தின் அதிகாரிகள் அவருடைய வருமானத்தைச் சரிபார்த்த பிறகுதான் அது ஏற்கப்படும். சிறுகுடும்பம் ஒன்றின் சேமிப்பைக் கரைத்துவிடக்கூடிய தொகை இது. வயதான பெற்றோருக்கு ஏற்கெனவே இருக்கும் நோய்களையும் ஏற்கும் காப்பீடாகத் தேடி எடுக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

விசா ஸ்டிக்கரைப் படிப்பது எப்படி?

அதில் இரண்டு தேதிகளும் ஓர் எண்ணும் இருக்கும். குழப்பம் இங்கேதான் வருகிறது. மே 1 முதல் ஜூன் 15 வரை என்று தேதி இருந்து, தங்கும் நாள் 20 என்று இருந்தால், அந்த 46 நாளும் தங்கலாம் என்று பொருள் இல்லை. அந்த இடைவெளிக்குள் 20 நாள் மட்டுமே தங்கலாம். வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். நுழைவு எண்ணிக்கை ஒன்று என்று இருந்தால், நடுவில் லண்டனுக்குப் போய்விட்டு மறுபடி சூரிச்சுக்கு வர முடியாது.

பலமுறை நுழையும் விசா கிடைத்தவர்கள் 180 நாளில் 90 நாள் என்ற விதியைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே இருக்கும் எந்த ஒரு நாளிலும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்குள் ஷெங்கன் பகுதியில் கழித்த நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. லீப் ஆண்டு அல்லாத ஓர் ஆண்டில் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை ஒருவர் தங்கினால் 90 நாள் முடிந்துவிடுகிறது. ஜனவரி 1 அந்த 180 நாள் வட்டத்தை விட்டு வெளியேறுவது ஜூன் 30 அன்றுதான். அன்றைக்குத்தான் அவர் மறுபடி உள்ளே வரலாம். எல்லைக்கு வெளியே ஒருநாள் போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று சிலர் சொல்வது தவறு.

முன்பெல்லாம் இந்தக் கணக்கு பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரையைப் பார்த்து நடந்தது. 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கப்பட்ட மின்னணுப் பதிவு முறையில், முகப்படமும் கைரேகையும் நுழைந்த, வெளியேறிய தேதிகளும் கணினியில் பதிவாகின்றன. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் தெரிந்துவிடும். அடுத்த விசாவுக்கு அது குறுக்கே நிற்கும். முறையாகப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பலனும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்திய, இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கு இரண்டு ஆண்டு விசாவும், அதன் பிறகு ஐந்து ஆண்டு விசாவும் கொடுக்கலாம் என்று 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் விதியைத் தளர்த்தியது.

விசா இருந்தாலும் உள்ளே விடுவதா என்பதை எல்லை அதிகாரிதான் முடிவுசெய்கிறார். தங்குமிட விவரம், திரும்பும் டிக்கெட், காப்பீட்டுச் சான்று ஆகியவற்றை அச்சிட்டுக் கைப்பையிலேயே வைத்திருங்கள். சரக்குப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அதிகாரி முன்னால் போய் நிற்காதீர்கள்.

பெட்டியில் எதை வைக்கக் கூடாது?

நெய், பனீர், பால்கோவா, உப்புக்கண்டம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோவதற்குத் தடை உண்டு. கால்நடை நோய்கள் பரவாமல் தடுப்பதற்கான விதி இது. செடி, பழம், காய்கறிகளுக்கும் தாவர நலச் சான்று இல்லாமல் அனுமதி இல்லை. மகள் கேட்டாள் என்று எடுத்துப் போகும் பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் இந்தத் தடைக்குள் வருகின்றன. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பருப்புப்பொடி, மிளகாய்த்தூள், ஊறுகாய் ஆகியவற்றில் பொதுவாகச் சிக்கல் இல்லை. துபாய் வழியாகப் போகிறவர்கள் கசகசாவை எடுக்கவே கூடாது; ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள்.

அங்கே கொடுத்துவிட்டு வரும் பரிசுப் பொருட்களுக்கான வரியில்லா வரம்பு, 2025 ஜனவரியிலிருந்து தலைக்கு 150 ஃபிராங்காகக் குறைந்துவிட்டது. அதற்கு முன் 300 ஆக இருந்தது. திருமணத்துக்குப் போகும்போது பட்டுச்சேலையும் நகையும் பரிசாகக் கொண்டுபோகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். நீங்கள் அணிந்துபோய் அணிந்தபடியே திரும்பும் நகை இந்தக் கணக்கில் வராது.

மருந்து விஷயத்தில், சொந்தத் தேவைக்கு ஏறக்குறைய ஒரு மாதத்துக்கானதை எடுத்துப்போகலாம். தூக்க மாத்திரை, கோடீன் சேர்ந்த இருமல் மருந்து, கடும் வலிநிவாரணி போன்றவற்றுக்கு மருத்துவரின் சீட்டு உடன் இருக்க வேண்டும். சீட்டில் கம்பெனிப் பெயருடன் மருந்தின் வேதிப் பெயரையும் எழுதி வாங்குங்கள். நம் ஊர் மாத்திரைப் பெயர் சூரிச் மருந்துக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஊருக்குள்: திருட்டும் சட்டமும்

வன்முறைக் குற்றங்களுக்குப் பயந்து நடுங்க வேண்டிய நாடு அல்ல. இங்கே பயணிகள் சந்திக்கும் குற்றம் பெரும்பாலும் பிக்பாக்கெட்டும் பைத் திருட்டும். ஜெனீவா, சூரிச் போன்ற பெரிய ரயில் நிலையங்களும் விமான நிலையத்துக்குப் போகும் ரயில்களும் அதற்கான இடங்கள். ஒருவர் வழி கேட்டுப் பேச்சுக் கொடுப்பார், இன்னொருவர் பையை எடுத்துக்கொண்டு கதவு மூடும் நேரத்தில் இறங்கிவிடுவார். பாஸ்போர்ட், பணம், மருந்து இருக்கும் பையைத் தலைக்கு மேலே உள்ள தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், அதன் பிறகு தூதரகம். இந்தியத் தூதரகம் தலைநகர் பெர்னில் இருக்கிறது. இலங்கைக்கான துணைத் தூதரகம் ஜெனீவாவில்.

சாலையில் சீருடை இல்லாமல் வந்து, தான் போலீஸ் என்று சொல்லி, பர்ஸைக் காட்டு என்று கேட்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் 117-ஐ அழைத்துக் கேட்கலாம்.

கார் ஓட்டுகிறவர்கள் கவனிக்க: நெடுஞ்சாலையில் ஓட 40 ஃபிராங்குக்கு ஆண்டுச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். வேக வரம்பு ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே 80, நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர். மீறினால் அபராதம் மிகக் கடுமை. பொது இடங்களில் முகத்தை மூடுவதற்கு 2025 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. உடல்நலக் காரணம், குளிர், வழிபாட்டிடம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

உண்மையான ஆபத்து: மலையும் நீரும்

தமிழ்நாட்டின் உயரமான சிகரம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். இலங்கையின் உயரமான சிகரம் பிதுருதலாகலை 2,524 மீட்டர். சுற்றுலாப் பயணிகள் திரண்டு போகும் யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டரில் இருக்கிறது. டிட்லிஸ் கேபிள் கார் 3,020 மீட்டருக்கும், செர்மாட் அருகே உள்ள கிளைன் மாட்டர்ஹார்ன் கேபிள் கார் 3,883 மீட்டருக்கும் ஏற்றிவிடுகின்றன. மலையடிவார ஊரான இன்டர்லாக்கன் 567 மீட்டரில் இருக்கிறது. அங்கே காலைச் சிற்றுண்டி முடித்தவர் இரண்டு மணி நேரத்துக்குள் யுங்ஃப்ராவ்யோக்கில் நிற்கிறார். நடந்து ஏறியிருந்தால் உடம்பு மெல்லப் பழகியிருக்கும். ரயில் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்.

ஆரோக்கியமானவர்களுக்கு லேசான தலைசுற்றலும் மூச்சிரைப்பும் வரும். கீழே இறங்கினால் சரியாகிவிடும். மெதுவாக நடக்க வேண்டும், ஓடக் கூடாது, படிகளில் நின்று நின்று ஏற வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், முந்தின இரவும் அன்றும் மதுவைத் தவிர்க்க வேண்டும். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால், படம் எடுத்து முடிக்கும் வரை காத்திருக்காமல் அடுத்த ரயிலில் இறங்கிவிட வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு போகிறவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிட்டோமே என்பதற்காக எழுபது வயது அப்பாவை வற்புறுத்தி மேலே அழைத்துப் போவதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. மலையடிவாரத்தில் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் அருவிகளும் துன் ஏரியில் படகுப் பயணமும் இருக்கின்றன. அவருக்கு அவையே நிறைவான நாளாக அமையும்.

கோடையிலும் உச்சியில் உறைநிலைக்கு அருகில்தான் குளிர் இருக்கும். பனிப்பரப்பு வெயிலைத் திருப்பி அடிப்பதால் தோல் கன்றும், கண் எரியும். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் குழந்தைகளுக்கும் வேண்டும். சேலையும் செருப்புமாகப் பனியில் இறங்க வேண்டாம். பிடிப்புள்ள காலணி அவசியம். பனியாற்றில் கயிறு கட்டித் தடுத்திருக்கும் இடத்துக்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக் கூடாது. மேலே மூடியிருக்கும் மெல்லிய பனிக்குக் கீழே ஆழமான வெடிப்புகள் மறைந்திருக்கும்.

நடைபாதைகள் நாடெங்கும் 65,000 கிலோமீட்டருக்கு நீள்கின்றன. அவற்றுக்கு நிறக் குறியீடு உண்டு. மஞ்சள் குறி சாதாரண நடைபாதை; முதல்முறை போகும் குடும்பங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் செங்குத்தான மலைப்பாதை; நல்ல காலணியும் தலைசுற்றாத உடலும் தேவை. வெள்ளை-நீலம்-வெள்ளை மலையேறும் பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டும். மலையில் மதியத்துக்கு மேல் இடிமழை திடீரென்று வரும் என்பதால் காலையிலேயே நடந்து முடிப்பது பாதுகாப்பு.

புல்வெளியில் கன்றோடு நிற்கும் பசுவின் அருகே போகாதீர்கள். பசுவைக் கண்டால் தொட்டுக் கும்பிட்டுப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் திறந்த மலைவெளியில் கன்றைக் காக்கும் தாய்ப்பசு ஆட்களை முட்டித் தள்ளிய சம்பவங்கள் அங்கே நடக்கின்றன. தொலைவாகச் சுற்றிப் போங்கள். கன்றைத் தொட்டுப் படம் எடுக்கக் குழந்தையை அனுப்பாதீர்கள்.

நீரைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். கோடையில் பெர்ன் நகர மக்கள் ஆரே ஆற்றில் குதித்து, ஓட்டத்தோடு மிதந்து போவதைப் பார்க்கலாம். பார்க்க எளிதாகத் தெரியும். அவர்கள் சிறுவயதிலிருந்து அந்த ஆற்றில் நீந்தியவர்கள். எந்தப் படியில் கைப்பிடியைப் பிடித்துக் கரையேற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தைத் தவறவிட்டால் கீழே தடுப்பணை இருக்கிறது. பனி உருகி வரும் நீரில் திடீரென்று இறங்கினால் மூச்சு அடைக்கும், தசை பிடித்துக்கொள்ளும். ஏரிகளும் அப்படித்தான், கரையிலிருந்து சில அடிகளில் ஆழம் சரேலென்று கூடிவிடும். நன்றாக நீந்தத் தெரியாதவர்கள் ஆற்றில் இறங்கவே வேண்டாம். நீர்மின் அணைகளுக்குக் கீழே உள்ள ஆற்றுப்படுகைகளில் எச்சரிக்கைப் பலகை இருக்கும். வானம் தெளிவாக இருக்கும்போதே அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு வெள்ளம் வரலாம் என்பதே அதன் பொருள். பாறையில் உட்கார்ந்து படம் எடுக்க அந்தப் படுகைக்குள் போகக் கூடாது.

2025 மே 28-இல் வாலே மாநிலத்தின் லொட்சன்டால் பள்ளத்தாக்கில் பிர்ச் பனியாறு இடிந்து விழுந்து, பிளாட்டன் என்ற கிராமத்தைப் பாறையும் பனியுமாக மூடியது. அதற்குச் சில நாட்கள் முன்பே, மலை நகர்வதைக் கவனித்த அதிகாரிகள் ஊரில் இருந்த ஏறக்குறைய 300 பேரையும் வெளியேற்றியிருந்தார்கள். ஊர் அழிந்தது, ஒருவரைத் தவிர உயிர்கள் தப்பின. பாதையை மூடிவிட்டோம், ஊரைக் காலி செய்யுங்கள் என்று அங்கே ஓர் அறிவிப்பு வந்தால், அதற்குப் பின்னால் இத்தகைய கண்காணிப்பு இருக்கிறது. தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அலர்ட்சுவிஸ் என்ற அரசுச் செயலியைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டால் எச்சரிக்கைகள் வரும். பிப்ரவரி மாத முதல் புதன்கிழமை மதியம் நாடு முழுவதும் சைரன் ஒலிக்கும். அது ஆண்டுதோறும் நடக்கும் சோதனை, பயப்பட வேண்டாம்.

உடல்நலமும் காப்பீடும்

நுழைவதற்குக் கட்டாயத் தடுப்பூசி எதுவும் இல்லை. வழக்கமான தடுப்பூசிகள், முக்கியமாகத் தட்டம்மைக்கானது, முழுமையாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். நாட்டின் குடிநீரில் ஏறக்குறைய 80 சதவீதம் ஊற்றிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் வருகிறது. சூரிச்சில் மட்டும் 1,200-க்கு மேல் பொது நீரூற்றுகள் உண்டு. குடிநீர் அல்ல என்ற பலகை இல்லாத ஊற்றில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டிய பூச்சி உண்ணி. வசந்தகாலம் முதல் இலையுதிர்காலம் வரை காட்டோரப் புதர்களிலும் உயரமான புல்லிலும் இருக்கும். இது பரப்பும் நோய்கள் இரண்டு: பாக்டீரியாவால் வரும் லைம் நோய், வைரஸால் வரும் மூளையழற்சி. மூளையழற்சிக்குத் தடுப்பூசி இருக்கிறது. காட்டில் பல நாள் நடக்கத் திட்டமிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். நகரமும் ரயிலுமாகச் சுற்றுகிறவர்களுக்கு, நடந்துவிட்டு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், குழந்தைகளின் தலைமுடி ஓரம் ஆகிய இடங்களைச் சோதித்துப் பார்ப்பதே போதும். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதோ தீ வைப்பதோ கூடாது. அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ, ஊர் திரும்பிய பிறகானாலும் உண்ணி கடித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கு அறையில் அது உறைந்து கெட்டுவிடலாம். மலையுச்சியிலும் உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய, இலங்கை நேரத்தைவிடச் சுவிட்சர்லாந்து கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். ஊசி போடும் நேரத்தை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.

விசாவுக்கான காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அவசர சிகிச்சையையும் நோயாளியையோ உடலையோ தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் செலவையும் அது ஏற்க வேண்டும். எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் செல்ல வேண்டும். இது விசாவுக்குப் போதுமான தொகை. ஆனால் சிகிச்சைக்கு எப்போதும் போதும் என்று சொல்ல முடியாது. சுவிஸ் மருத்துவமனைகள் உலகிலேயே செலவு மிகுந்தவற்றில் சேரும். ஆம்புலன்சுக்கும் கட்டணம் உண்டு. ஹெலிகாப்டர் மீட்பு ஆயிரக்கணக்கான ஃபிராங்க் ஆகும். இரண்டு மடங்கு தொகைக்கு எடுத்தால் பிரீமியம் பெரிதாகக் கூடிவிடுவதில்லை. அந்தப் பணத்தைப் பரிசுப் பொருளில் மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

தொகையைவிட முக்கியம் விலக்குகளின் பட்டியல். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடைக்குமா? மலை மீட்பு சேர்ந்திருக்கிறதா? இன்டர்லாக்கனில் பாராகிளைடிங் செய்யப் போகிறீர்கள் என்றால், சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா? முன்பே இருந்த ரத்த அழுத்தத்தை விண்ணப்பத்தில் மறைத்தால், பிறகு மாரடைப்புக்குப் பணம் தர மறுக்க அதுவே காரணமாகிவிடும். உண்மையைச் சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்டுவதே பாதுகாப்பு. மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், முடிந்தவரை விரைவில் காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள். எல்லா ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

உதவி கேட்கும்போது

ஆம்புலன்சுக்கு 144, போலீசுக்கு 117, தீயணைப்புக்கு 118, நஞ்சு சாப்பிட்டுவிட்டால் ஆலோசனைக்கு 145. ரேகா வான்மீட்புச் சேவைக்கு 1414. வாலே மாநில மலைகளில் 144-ஐயே அழைக்க வேண்டும். எதுவும் நினைவுக்கு வராவிட்டால் ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான 112. ஆங்கிலத்தில் பேசினால் பொதுவாகப் புரிந்துகொள்வார்கள். என்ன நடந்தது, எத்தனை பேருக்கு அடி, மூச்சும் நினைவும் இருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

மலையில் எங்கே இருக்கிறோம் என்று சொல்வதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். நடைபாதைச் சந்திப்புகளில் மஞ்சள் வழிகாட்டிக் கம்பங்கள் நிற்கும். அவற்றில் அம்புக்குறிகளோடு அந்த இடத்தின் பெயரும் கடல்மட்டத்திலிருந்து அதன் உயரமும் எழுதியிருக்கும். ஒவ்வொரு கம்பத்தையும் கடக்கும்போது கைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் கடந்த கம்பத்தின் பெயரையும் உயரத்தையும், அங்கிருந்து எத்தனை நிமிடம் நடந்தீர்கள் என்பதையும் சொன்னால் மீட்புக் குழு உங்களைத் தேடி வந்துவிடும். பெயரை உச்சரிக்க வராவிட்டால் எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்.